பழைய வேர்ல்பூல், கென்மோர் டிரையர்: பெயரை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய டிரையர் (துணி உலர்த்தும் மெஷின்) தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, வேர்ல்பூல் நல்லதா கென்மோர் நல்லதா என்றுதான். எழுபதுகள், எண்பதுகளின் டிரையர்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே தேவையில்லை. கென்மோர் என்பது சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடைத்தொடர் தன் சரக்குக்கு வைத்த பெயர். சியர்ஸ் டிரையர் செய்ததில்லை, பெரும்பாலும் வேர்ல்பூலிடம் செய்து வாங்கித் தன் பெயரைப் போட்டு விற்றது. கதவைத் திறந்ததும் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். மாடல் எண் 110 என்று தொடங்கி ஒரு புள்ளி வந்தால் அது வேர்ல்பூல் செய்த கென்மோர். 363 என்றால் ஜெனரல் எலெக்ட்ரிக் செய்தது. விற்கிறவர் என்ன சொன்னாலும் சரி, அந்த மூன்று இலக்கம்தான் உண்மை.

தகடு கிழிந்தோ அழிந்தோ போயிருந்தால் அகலத்தை அளந்து பாருங்கள். 29 அங்குலம் இருந்து, துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கும் வலையை மேல்பலகையிலிருந்து செங்குத்தாக உருவி எடுக்க முடிந்தால், அது அநேகமாக வேர்ல்பூல் குடும்பம்தான். நான் பழைய டிரையர்களைத் திறந்து சரிசெய்கிறவன், எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இந்த 29 அங்குல உடல். வலையை எடுத்தால் அந்த வாயில் இரண்டு திருகு தெரியும். அவற்றைக் கழற்றிவிட்டு, முன் மூலைகளில் தட்டையான கத்தியைச் செருகி நெம்பினால் மேல்பலகை அப்படியே மூடி மாதிரி எழும்பிவிடும். உள்ளே புரியாத பொருள் என்று ஒன்றுமே இல்லை. துணி சுழலும் டிரம்மைச் சுற்றி ஒரே ஒரு பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு கப்பி, டிரம்மின் பின்பக்கத்தைத் தாங்க இரண்டு ரப்பர் உருளை, மோட்டாரின் ஒரு முனையில் பெல்ட்டும் மறுமுனையில் காற்றாடியும். இந்த அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமலே வந்தது, அதனால் பெல்ட், உருளை, ஹீட்டர் எல்லாம் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கின்றன, எழுபதுகளின் மெஷினில் நேற்று தயாரான பெல்ட்டை மாட்டி ஓட்டலாம். வாங்கப் போகும்போது காலியாக ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே தாளத்தில் தொம் தொம் என்று இடித்தால் உருளை ஒருபக்கம் தட்டையாகியிருக்கிறது, நெடுநாள் ஓடாமல் நின்ற மெஷினில் சகஜம். கீச்சென்று கத்தினால் அந்தச் சிறு கப்பி காய்ந்திருக்கும். இரண்டுமே விலை குறைந்த பாகங்கள், இதற்காக ஒரு நல்ல டிரையரை வேண்டாம் என்று விடாதீர்கள்.

அப்புறம் வேர்ல்பூலுக்கும் கென்மோருக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, ஆனால் முக்கால்வாசியும் மேலே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையில்தான். குமிழ், டைமர், விளக்கு, பெயர்கள். நிஜமாகப் பார்க்கவேண்டியது ஈரத்தை அது எப்படி அறிகிறது என்பதை. சாதாரண மாடல்களில் தானியங்கி முறை வெப்பத்தை வைத்து ஓடும்: துணி ஈரமாக இருக்கும்வரை வெளியேறும் காற்று சூடேறாது, ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும், டைமர் நகராமல் நிற்கும். துணி காயக் காயக் காற்று சூடாகித் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்து இயங்கும் சுவிட்ச்) ஹீட்டரை நிறுத்தும், அந்த நேரத்தில் மட்டும் டைமர் கொஞ்சம் நகரும். எளிமையான, அழகான யோசனை. மேல்தட்டு மாடல்களில், லேடி கென்மோர் போன்றவற்றில், டிரம்முக்குள் உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி அவற்றில் படும்போது மின்சாரம் கடக்கும், அதை வைத்து ஈரத்தை அளக்கும். இது இன்னும் துல்லியம்தான், ஆனால் அந்த மின்னணுப் பலகை கெட்டால் மாற்றுப் பலகை தேடி அலையவேண்டும். தினமும் துணி போட ஒன்று வேண்டுமென்றால் நான் சாதாரண டைமர் கென்மோரைத்தான் எடுப்பேன்.

இதோடு ஒப்பிட ஜெனரல் எலெக்ட்ரிக்–ஹாட்பாயிண்ட் ஜோடி இருக்கிறது, அவையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அங்கே பின்பக்கம் உருளை கிடையாது, டிரம்மின் நடுவில் ஒரு தண்டும் பேரிங்கும் தாங்கும், முன்விளிம்பு வழுக்கும் பிளாஸ்டிக் பட்டைகளின் மேல் ஓடும். புதிதில் சத்தமே இருக்காது. பட்டைகள் தேய்ந்துவிட்டால்தான் வம்பு, உலோகம் உலோகத்தில் உரசும், முன்விளிம்பின் இடுக்கில் துணி மாட்டிக் கறையோடு வரும். ஆகவே வெள்ளைத்துணி ஒன்றைப் போட்டுச் சுற்றவிட்டுப் பார்ப்பது நல்லது. இவற்றின் வயதைக் கண்டுபிடிப்பதும் சற்றுச் சிக்கல்: தொடர் எண்ணின் முதல் எழுத்து மாதம், இரண்டாவது ஆண்டு, ஆனால் ஆண்டு எழுத்துகள் 12 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். இரண்டாவது எழுத்து ஏ என்றால் 1977-ஆகவும் இருக்கலாம், 1989-ஆகவும் இருக்கலாம். கட்டுப்பாட்டுப் பலகையின் பாணியைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

பெயரை நம்பி மோசம் போவது அதிகம் ஃபிரிஜிடேரில்தான். 1979 வரை அது ஜெனரல் மோட்டார்ஸின் சொத்து, அப்புறம் வைட் கன்சாலிடேட்டட் வாங்கியது. அந்த நிறுவனம் ஏற்கெனவே கெல்வினேட்டரையும், 1975-இல் வெஸ்டிங்ஹவுஸின் வீட்டுச்சாதனங்களையும் வாங்கியிருந்தது. பெயர்ப்பலகை அதேதான், உள்ளே மெஷின் வேறு. மேடேக்குக்கும் இதே எச்சரிக்கை: 2006-இல் வேர்ல்பூல் அதை வாங்கிவிட்டது, அதற்கு முன் அயோவா மாநில நிறுவனமாக இருந்த மேடேக் வேறு குலம், பாகங்களை மாற்றிப் போடமுடியாது.

ஒரு விஷயம், டிரம் சுற்றுகிறது, சூடு வரவில்லை என்று யாராவது மலிவாகத் தள்ளிவிட்டால் உடனே ஹீட்டர் போச்சு என்று எண்ணவேண்டாம். அமெரிக்க மின்சார டிரையரில் மோட்டார் 120 வோல்ட்டில் ஓடும், ஹீட்டருக்கு 240 வேண்டும். வீட்டின் மின்பெட்டியில் டிரையருக்கான இரட்டை பிரேக்கரில் ஒருபாதி போயிருந்தாலும் இதே மாதிரி ஆகலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டும்போது கம்பியையும் பாருங்கள்: பழைய மெஷின் மூன்று முனை பிளக்கோடு வரும், 1996-க்குப் பின் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் நான்கு துளை சாக்கெட் இருக்கும். கம்பியை மாற்றினால் மட்டும் போதாது, உள்ளே உடலையும் நியூட்ரல் கம்பியையும் இணைக்கும் சிறு பட்டையையும் கழற்றி, புதிய பச்சைக் கம்பியை (எர்த்) உடலில் திருகவேண்டும். காற்று வெளியேற பிளாஸ்டிக் குழாய் இருந்தால் அதைத் தூக்கிப்போட்டு உலோகக் குழாய் மாட்டுங்கள், பஞ்சு சேர்ந்தால் தீப்பிடிப்பது அங்கேதான்.