போர்டில் 7,500, கையை விட்டுப் போவது 9,360

சேப்பாக்கத்தில் எம்.எஸ்சி. படிக்கிறேன், ஊர் தென்காசிப் பக்கம். பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்கவில்லை. திருவல்லிக்கேணியில் பார்த்த அறைகள் எதற்கும் ஜன்னல் சரியாக இல்லை. அப்புறம்தான் தரமணியில் இப்போது இருக்கும் ஹாஸ்டலுக்கு வந்தேன். பறக்கும் ரயிலில் ஏறினால் மாறாமல் சேப்பாக்கத்தில் இறங்கலாம். சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் பேருந்துச் செலவே கிடையாது.

இது லேடீஸ் ஹாஸ்டல், மூன்று மாடி. பெயரை இங்கே எழுதவில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஏறி இறங்கிய மற்ற இடங்களிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான் சொன்னார்கள். மாதம் ஆளுக்கு நான்கு பேர் அறை 6,500, மூன்று பேர் அறை 7,500, இரண்டு பேர் அறை 9,500, எல்லாம் சாப்பாட்டோடு. நான் இருப்பது மூன்று பேர் அறை, ஏசி இல்லை.

7,500 என்று போர்டில் போட்டிருப்பதை நம்பி அப்பாவிடம் பட்ஜெட் சொல்லிவிடாதீர்கள். கரண்டுக்கு அறைக்கதவுக்குப் பின்னால் சப்-மீட்டர் (அந்த அறைக்கென்று தனி மீட்டர்) வைத்திருக்கிறார்கள், யூனிட்டுக்கு 12 ரூபாய். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்த சலுகை நம் அறை வரைக்கும் எட்டுவதில்லை. என் பங்கு மாதம் 400 ரூபாய் வருகிறது. ஏசி அறையில் இருக்கும் சீனியர் அக்கா மே மாதம் கட்டியது 1,700. வாஷிங் மெஷினுக்கு ஒரு தடவைக்கு 40, மாதம் நாலு தடவை. அட்வான்ஸ் ஒரு மாத வாடகைதான், ஆனால் காலி செய்யும்போது மெயின்டனன்ஸ் என்று 2,000 பிடித்துக்கொள்வார்கள். பத்து மாதம் தங்குகிறவளுக்கு அது மாதம் 200. மதியச் சாப்பாடு கட்டிக்கொடுப்பது எட்டு மணிக்கு மேல்தான், என் ரயில் 7.40-க்கு. அதனால் கேன்டீனில் நாளுக்கு 50 வீதம் மாதம் 1,100 போகிறது. கூட்டிப் பாருங்கள், 9,360. ஏற்கெனவே காசு கொடுத்த சாப்பாட்டுக்கு வெளியே இன்னொரு முறை கொடுப்பதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. சாதத்தை ஏழு மணிக்கே கட்டி வைக்க முடியாதா என்று வார்டனிடம் பலமுறை கேட்டாயிற்று, இன்னும் நடக்கவில்லை.

சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. இட்லி மெத்தென்று இருக்கும். இரவுக் குருமாவில் தேங்காய் குறைவு, பொட்டுக்கடலைதான் தூக்கல். புதன் முட்டை, ஞாயிறு சிக்கன். காய்ச்சலில் படுத்திருந்தபோது சமையல் அக்கா கேட்காமலேயே மிளகு ரசம் வைத்து மேலே அனுப்பினார். தண்ணீர் கோடையிலும் நிற்கவில்லை, லாரி வந்துகொண்டே இருந்தது. வாசலில் கேமரா, இரவு வாட்ச்மேன் எல்லாம் உண்டு. பெண்கள் விடுதிகளுக்கென்று தமிழ்நாட்டில் 2014-இல் தனிச் சட்டமே இருக்கிறது, பதிவு செய்துதான் நடத்த வேண்டும். சேரும்போது பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இங்கே முகம் சுளிக்காமல் காட்டினார்கள்.

பக்கத்துத் தெருவில் இன்னொரு ஹாஸ்டலில் வாடகைக்கு மேல் ஜிஎஸ்டி என்று தனியாகக் கேட்டார்கள். மாதம் 20,000-க்குள், தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாமல் தங்கினால் அந்த வரி கிடையாது என்று 2024 ஜூலையிலேயே விலக்கு வந்துவிட்டது. படிக்க வருகிற பெண்களிடம் இல்லாத வரியைக் கேட்பது அநியாயம். அப்படிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தோழிகள் நாலு பேர் சேர்ந்து வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் வீடு பார்த்தோம். வாடகை 22,000. ஆளுக்கு 5,500 என்றதும் மலிவாகத்தான் தெரிந்தது. வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாதம் என்கிறது, வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. வீட்டுக்காரர் கேட்டது ஆறு மாதம், புரோக்கருக்கு ஒரு மாதம். கேஸ், ஃபிரிட்ஜ், கட்டில் எல்லாம் நம் செலவு. பாதியில் ஒருத்தி படிப்பை முடித்துக் கிளம்பினால் அவள் பங்கும் மற்றவர்கள் தலையில். மூன்று நாலு வருடம் சேர்ந்து இருக்கப்போகிறவர்களுக்கு அது சரி. இரண்டு வருடப் படிப்புக்கு ஹாஸ்டல்தான் கட்டுப்படியாகும் என்பது என் முடிவு.

இங்கே சேரலாமா என்றால், மூன்று பேர் அறை, ஏசி இல்லாதது என்றால் தாராளமாகச் சேரலாம். நாலு பேர் அறை வேண்டாம், பீரோ மூன்றுதான் இருக்கிறது. அறை பார்க்கச் சாயங்காலம் போகாதீர்கள், காலை ஏழரைக்குப் போங்கள். குளியலறை வரிசை எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். சேரும் அன்றே சப்-மீட்டர் ரீடிங்கை போனில் படம் எடுத்து வார்டனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.