வில்லுக்கு மூங்கிலா, பனையா?

வீட்டிலேயே வில் செய்ய இறங்குகிறவர்களுக்குத் திருநெல்வேலிச் சீமையில் கையெட்டும் தூரத்தில் கிடைப்பவை இரண்டு. ஒன்று கல்மூங்கில். மற்றொன்று, பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது விலைக்கு வரும் பனங்கை, அதாவது கூரை தாங்கிய பனஞ்சட்டம். வில்லுக்கென்றே பேர்பெற்ற சடச்சி மரம் மலைமேல் நிற்கிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் ஒரு கம்பைக்கூட வெட்டக் கூடாது. சீமைக்கருவேலம் எங்கும் உண்டு, உறுதியும் உண்டு. ஆனால் முடிச்சோ திருகலோ இல்லாமல் ஐந்தரை அடி நேராகக் கிடைப்பது அபூர்வம். ஆக, போட்டி மூங்கிலுக்கும் பனைக்கும்தான்.

நான் மூங்கில் பக்கம். விலையோ அழகோ அதற்குக் காரணமில்லை. அழகில் பனையின் கறுப்பு வரிக்கு ஈடே கிடையாது. வளைவு பிடிக்கும் வேலையில், அதாவது சுரண்டிச் சுரண்டி வில்லைச் சீராக வளையச் செய்வதில், மூங்கில் நம் தவற்றைப் பொறுத்துக்கொள்கிறது, பனை பொறுப்பதில்லை. என் தீர்ப்பு முழுவதும் அதில்தான் நிற்கிறது.

கிடைப்பது பற்றிச் சுருக்கமாக. காட்டுக்கு வெளியே வளர்ந்த மூங்கிலை 2017-இல் வனச்சட்டத்தின் ‘மரம்’ பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனவே தோட்டத்து மூங்கிலுக்குப் பெரிய சிக்கல் இல்லை. நிற்கிற பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும்; அதனால் பழைய பனங்கைதான் வழி. பல வருடம் கூரையில் காய்ந்தது என்பதால் ஈரம் பற்றிய கவலை அதில் இல்லை. இப்படிச் செய்யும் வில்லுக்கு ‘வேட்டை வில்’ என்று பேர் இருந்தாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். வைக்கோல் கட்டுத்தான் இலக்கு.

வில்லுப்பாட்டு வில்லைக் காட்டி, “பனையில் செய்யவில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வில்லின் வேலை வேறு. கட்டிய வளைவிலேயே நின்று, வீசுகோல் அடியைத் தாங்கி, மணியை ஒலிக்க வைத்தால் போதும். அம்பு விடும் வில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஆழமாக வளைந்து, விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

இனி வளைவு பிடித்தல். ஆங்கிலக்காரர்கள் டில்லரிங் என்பது இதைத்தான். வில்லின் பிடிக்கு மேலே நீளும் பாதி ஒரு கை, கீழே நீளும் பாதி ஒரு கை. இரண்டும் ஒரே சீராக, எந்த இடத்திலும் மடங்காமல், எந்த இடத்திலும் விறைத்து நிற்காமல் வளையும்வரை சுரண்டுவதும் பார்ப்பதும்தான் வேலை. இதில் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். பருமனைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பு ஏறக்குறைய 27 விழுக்காடு போய்விடும். 10 மி.மீ. பட்டையில் ஒரு மி.மீ. என்பது அவ்வளவு பெரிய விஷயம். அரிவாளும் இழைப்புளியும் தொடக்கத்துக்கு மட்டும். கடைசிப் பாதி வேலை முழுவதும் உடைந்த கண்ணாடித் துண்டாலும் உப்புத்தாளாலும் நடக்க வேண்டும்.

மூங்கிலில் முறை இது. நாணை 28 அங்குலம் இழுக்கும் வில்லுக்கு 68 அங்குல நீளம். இரண்டரை அங்குலக் குறுக்களவுள்ள, நன்றாக முற்றிய கழியை நெடுக இரண்டாகப் பிளந்து, நடுவில் 40 மி.மீ. அகலம் வைத்து, நுனியில் 14 மி.மீ. வரை ஒடுக்குங்கள். தோல் பக்கம் வில்லின் முதுகு, அதாவது நம்மை விட்டு விலகி நிற்கும் பக்கம். உறுதியான நார் அத்தனையும் அந்தத் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கிறது. அதில் கத்தி படவே கூடாது. கணுவின் கூர்விளிம்பை மட்டும் உப்புத்தாளால் மழுக்கலாம். சுரண்டல் எல்லாம் உள்பக்கத்திலும் ஓரத்திலும்தான். அடிமரப் பக்கத்தில் சுவர் பருமன், கணுவும் நெருக்கம். அதைக் கீழ்க் கையாக வையுங்கள். கணுவுக்கு உள்பக்கம் ஒரு மி.மீ. கூடுதலாக விட்டுவிடுங்கள்.

முதலில் நுனியைத் தரையில் ஊன்றிப் பிடியை அழுத்திப் பாருங்கள். இரண்டு கையும் ஒரே மாதிரி அசைய ஆரம்பித்த பிறகு நுனிகளில் நாண் மாட்டும் குதை வெட்டி, வில்லின் நீளத்துக்கே தளர்ந்த நாண் போடலாம். வெள்ளையடித்த சுவரில் ஒரு கட்டையை அறைந்து அதன்மேல் பிடியை உட்கார வையுங்கள். கீழே ஒரு கப்பி, அதன் வழியாகக் கயிறு, கயிற்றில் ஒரு கொக்கித் தராசு. பத்தடி தள்ளி நின்று இழுத்தால் வளைவு முழுவதும் கண்ணில் படும். சுவரில் கரியால் ஒரு வில்கோடு வரைந்துகொண்டால் கண் ஏமாறாது. விறைத்த இடத்தில் பென்சில் குறி போடுங்கள். குறி உள்ள இடத்தை மட்டும் பத்துத் தடவை சுரண்டி, முப்பது தடவை அரை இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி பாருங்கள். இந்த முப்பது இழுப்பை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சுரண்டியதன் பலன் முழுவதும் தெரிய அவ்வளவு இழுப்பு தேவைப்படுகிறது. பலன் தெரியுமுன் மேலும் சுரண்டினால் அந்த இடம் கதவுக் கீல் மாதிரி மடங்கும்.

முழு இழுப்பில் வேண்டும் என்று தீர்மானித்த விசைக்கு மேல் ஒருபோதும் இழுக்கக் கூடாது. 18 கிலோ வில் என்றால், இழுப்பு 15 அங்குலத்தில் இருந்தாலும் தராசு 18 காட்டியதும் நிறுத்திச் சுரண்ட வேண்டும். நாணுக்கும் பிடிக்கும் ஆறு அங்குல இடைவெளி வருமாறு நாணேற்றிய பின், பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டு கையிலும் நாணுக்குள்ள தூரத்தை அளந்து பாருங்கள். கீழ்க் கையில் 3 முதல் 5 மி.மீ. குறைவாக இருந்தால் சரி. கீழ்க் கை சற்று விறைப்பாக இருக்க வேண்டும். 26 அங்குலத்தில் சுரண்டலை நிறுத்திவிடுங்கள். மெருகிடும்போது மீதி தானே இறங்கும்.

தவறினால் என்ன ஆகும் என்பதில்தான் மூங்கில் ஜெயிக்கிறது. ஒரு இடம் லேசாக மடங்கினால், அதன் இருபுறமும் சுரண்டி விசையில் இரண்டு கிலோ விட்டுக்கொடுத்தால் வில் பிழைத்துவிடும். கூன் விழுந்தால், அதாவது நாணை அவிழ்த்த பிறகும் வில் வளைந்தே நின்றால், சிரட்டைக் கரி நெருப்புக்கு ஒரு சாண் மேலே உள்பக்கத்தைக் காட்டி, வைக்கோல் நிறத்திலிருந்து தேயிலைச் சாய நிறம் வரும்வரை வாட்டி, எதிர்ப்பக்கம் வளைத்துக் கட்டி ஆறவிடலாம். மூன்று நாள் கழித்துத்தான் நாணேற்ற வேண்டும். அதற்குள் ஏற்றினால் உலர்ந்துபோன மூங்கில் முறியும்.

பனைக்கு இந்தச் சலுகை கிடையாது. வெளிப்புற வைரத்தில் கறுப்பு நார்க்கற்றைகள் நெடுக ஓடுகின்றன; அவற்றுக்கு இடையில் இருப்பது மென்மையான சோறு. குறுக்குப் பிணைப்பு குறைவு. பனங்கையை அறுத்த ரம்பம் நாரோட்டத்தைப் பார்த்து அறுப்பதில்லை. முதுகில் ஒரு நார் நடுவில் அறுபட்டிருந்தால் அந்த இடத்தில் சிராய் கிளம்பி, அடுத்த இழுப்பில் ஒரு சாண் நீளம் உரிந்துவிடும். இழைப்புளி நாரைப் பெயர்த்துக்கொண்டு போகும் என்பதால் அரமும் கண்ணாடியும்தான் ஆகும். கண்ணாடி சோற்றை வேகமாகவும் நாரை மெதுவாகவும் எடுப்பதால் பரப்பு வரிவரியாக எழும்பும். பருமனை அளக்கும் கருவி எழும்பிய நாரின்மேல்தான் உட்காரும். எடையும் ஒரு குறை: கனத்த நுனி அம்பின் வேகத்தைத் தின்று, பிடியில் அதிர்வைத் தரும். பனையில் பத்துப் பன்னிரண்டு வில் முடித்த கைகாரர் இருந்தால் அவர் சொல் என் சொல்லைவிட மேல்.

மூங்கிலுக்கும் குறை உண்டு. மாவுச்சத்தைத் தேடி வண்டு துளைக்கும். மழைக்காலம் முடிந்து, தை மாசியில் வெட்டியது தேவலை. ஈரத்தில் வளைவு பிடித்தால் கூன் நிச்சயம். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் இந்த வேலையை ஒத்திப்போடலாம். அதே மாதங்களில் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். பட்டையைச் சமையல் தராசில் தினமும் நிறுத்து, மூன்று நாள் எடை மாறாமல் நின்றால் தொடங்கலாம்.

நல்ல பனங்கை ஏற்கெனவே கையில் இருந்தால் வீணாக்க வேண்டாம். 8 மி.மீ. பனம்பட்டையின் முதுகில் 4 மி.மீ. மூங்கில் பட்டையைத் தோல் வெளியே தெரிய ஒட்டலாம். இதற்குக் கல்மூங்கிலைவிட, முதுகு தட்டையாக வரும் பெரிய முள்மூங்கில் ஏற்றது. ஒட்டும் இரண்டு பரப்பையும் ஆக்சா பிளேடின் பல்லால் நெடுகக் கீறி, மெதுவாக இறுகும் எபாக்சி பசை பூசி, சைக்கிள் டியூபை வெட்டி இறுகச் சுற்றி, ஒரு நாள் வையுங்கள். முதுகில் சிராய் கிளம்பும் ஆபத்தை மூங்கில் ஏற்றுக்கொள்ளும். அதன்பின் சுரண்டல் பனைப் பக்கத்தில் மட்டும்.