கோட்டாப் பெற்றோலில் ஓடிய வேகன்ஆர்

சுசுகி வேகன்ஆர் எஃப்எக்ஸ் ஹைபிரிட், 2017 மொடல், 660 சிசி. 2021 கடைசியில் வாங்கினோம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றுபோனதால் பழைய கார்களின் விலை ஏறிக்கிடந்த நேரம் அது. வாங்கிய கையோடு அம்மாவுக்கு நோய் என்று தெரியவந்தது. சிகிச்சை கொழும்பில். இரவு பஸ்ஸில் அவவால் இருந்து போக ஏலாது. ஆக, 2022 முழுக்க இந்தச் சின்னக் காரை நம்பித்தான் ஓடியது.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஏ9 வழியாக வவுனியா, மதவாச்சி, அப்புறம் அநுராதபுரம், புத்தளம். ஏசி போட்டு 70இல் பிடித்து ஓடினால் லீற்றருக்கு 20 கிலோமீற்றர் தந்தது. மற்ற ஆண்டுகளில் இது வெறும் கணக்கு. அந்த ஆண்டில் எங்கள் குடும்பமே இந்தக் கணக்கில்தான் நடந்தது. நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு. ஜூன் கடைசியில் தனியார் வாகனங்களுக்குப் பெற்றோலே இல்லை என்றார்கள். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாகப் பெற்றோல் அடிக்கும் முறை வந்தது, காருக்கு வாரம் 20 லீற்றர் கோட்டா. ஒரு வாரக் கோட்டாவில் கொழும்புக்குப் போய்ச் சேரலாம், திரும்பி வர முடியாது. அடுத்த கோட்டா விழும்வரை அக்கா வீட்டில் தங்குவோம். ராங்க் 27 லீற்றர்தான் என்பதால் மிச்சம் பிடித்து வைக்கவும் வழியில்லை. கார் அம்மாவுக்கு மட்டும் என்று வீட்டில் முடிவெடுத்தோம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் நான் வேலைக்கும் சைக்கிள். மனைவி சந்தைக்கும் சைக்கிளில்தான் போனா. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

பின் சீற் இந்தக் காரின் பெரிய பலம். இரண்டு பக்கமும் தனித்தனியாக முன்னும் பின்னும் நகரும், சாயும். அம்மாவின் பக்கத்தை முழுக்கப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்துவிட்டால் காலை நீட்டி நித்திரை கொள்ளுவா. பின் கதவில் குடை வைக்க ஒரு குழி இருக்கிறது, ஈரம் வெளியே வடிந்துவிடும். அம்மாவின் ஊன்றுகோலுக்கு அதுதான் இடம். முன் சீற்றுக்குக் கீழே உள்ள பெட்டியில் மருந்து, துவாய், சத்தி வந்தால் பிடிக்கப் பைகள். வழியில் பிள்ளையார் கோயிலுள்ள முறிகண்டி வந்ததும் எப்படியோ விழித்துவிடுவா. "தம்பி, பிள்ளையாரடியில நிப்பாட்டு. பிள்ளையளுக்குக் கச்சான் வாங்கு." அவவுக்கு வாயில் ஒன்றும் வைக்க முடியாத நாட்களிலும் இதை விட்டதில்லை.

குறைகளும் உண்டு. உயரமான, பாரமில்லாத கார். ஆனையிறவில் பக்கக் காற்று அடித்தால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். புத்தளத்துக்குப் பிறகு லொறிகளை முந்துவது பெரும்பாடு. மிதித்தால் சத்தம்தான் முதலில் வரும், வேகம் ஆறுதலாக வரும். முன் சீற் மெத்தை மெல்லிசு, நாலு மணித்தியாலத்தில் இடுப்பு சொல்லிவிடும். கொழும்பு நெரிசலில் பெற்றோல் மிச்சம் பிடிக்க இஞ்சின் தானாக நிற்கும்போதெல்லாம் ஏசி சூடாகிவிடும். நோயாளியை வைத்துக்கொண்டு அது சரிவராது. நிற்காமல் செய்யும் பொத்தானை ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் அமத்த வேண்டும்.

பற்றரிதான் அதிகம் அலைக்கழித்தது. இப்படி நின்று நின்று ஓடும் காருக்கென்றே தனிப் பற்றரி இருக்கிறது. எங்களுடையது செத்த நேரம் கடைகளில் சரக்கே இல்லை. ஒரு கடையில் சாதாரணப் பற்றரியை "இதுதான் அது" என்று தலையில் கட்டிவிட்டார்கள். சில மாதத்தில் அதுவும் போயிற்று. கிளினிக் நாள் காலையில் அயலவர் வந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் ஆக்கித் தந்தார். மற்றபடி நடுவழியில் ஒருநாளும் விட்டதில்லை.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறா, பரிசோதனைக்கு மட்டும் போய்வருகிறோம். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்த பிறகும் காரை மாற்ற மனம் வரவில்லை. புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு: யாழ்ப்பாணத்துக்குள் ஓடவும் இடைக்கிடை கொழும்பு போகவும் இது போதும். பெரியவர்கள் நாலு பேர் அடிக்கடி தூரம் போவதென்றால் டொயோட்டா அக்சியோ மாதிரி ஒன்றைப் பாருங்கள். எதை வாங்கினாலும் காசு கொடுக்க முன் பற்றரியில் அடித்திருக்கும் இலக்கத்தைக் கையேட்டோடு ஒத்துப் பாருங்கள்.