திருகோணமலையில் வான் வண்டியை எங்கே விடுவது, கட்டுச்சோற்றை எங்கே அவிழ்ப்பது

லண்டனில் வெயில் எறித்தால் நாங்கள் ஓடுவது சறேயில் உள்ள பொக்ஸ் ஹில்லுக்கு. நாஷனல் ட்ரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு பராமரிக்கும் குன்று அது. அங்கத்தவர் அட்டை இருந்தால் கார் விடக் காசில்லை, இல்லாதவர் கட்ட வேண்டும். நடக்கிற பாதைக்கு அடையாளம் போட்டிருக்கும், வழி தெரியாமல் முழிக்கத் தேவையில்லை. இந்தப் பழக்கத்தோடு ஊருக்கு வராதே என்று மச்சான் போனிலேயே சொல்லியிருந்தான். நான்தான் காதில் போடவில்லை.

ஓகஸ்ட் விடுமுறைக்கு ஒரு வான் ஆட்கள் சேர்ந்துவிட்டோம். நாங்கள் நாலு பேர், உப்புவெளியில் இருக்கும் அம்மா, சித்தி, வானோட்ட மச்சான். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் நோ. நிலத்தில் பாய் விரித்தால் இருப்பா, எழும்ப இரண்டு பேர் வேண்டும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் நான் பார்த்தது காட்சியை அல்ல. வானுக்கு நிழல் உண்டா, அம்மாவுக்கு இருக்க ஏதும் உண்டா, ரொயிலற் எவ்வளவு தூரம், இதைத்தான்.

கோணேசர் கோயிலுக்கு விடியவே போனோம். அம்மாவையும் சித்தியையும் ஓட்டோவில் மேலே அனுப்பிவிட்டு நாங்கள் கோயில் இருக்கும் கோட்டையின் வாசலில் இருந்து நடந்தோம். வெயில் ஏற முன்னம் நடந்தால் அந்த ஏற்றம் ஒரு களைப்பும் இல்லை. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்கு 1803இல் பிரெட்ரிக் என்று பெயர் வைத்தவர்கள் ஆங்கிலேயர். இப்போது அதற்குச் சொந்தக்காரர் புள்ளிமான்கள் போலத்தான் இருக்கிறது. மனிதரைக் கண்டு விலகுவதே இல்லை, நாங்கள்தான் விலகினோம்.

அதில் ஒரு மான், சோறு கட்டுகிற பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் ஒன்றைச் சப்பிக்கொண்டு நின்றது. பாதி வாய்க்குள், பாதி வெளியே தொங்குது. பருப்புக்கறியின் மஞ்சள் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. மகள் இழுக்கப் போக, அது தலையைச் சிலுப்பி இன்னும் கொஞ்சத்தை உள்ளே எடுத்தது. அங்கே கச்சான் கடலை விற்கிற ஒரு அம்மா எழும்பி வந்தா. "விடு பிள்ளை, இழுத்தால் விழுங்கிப்போடும்" என்று சொல்லி, ஒரு வாழைப்பழத் தோலை நீட்டினா. மான் சீற்றைக் கீழே போட்டுவிட்டுத் தோலுக்கு வந்தது. சீற்றை எடுத்து நாலாக மடித்துத் தன் கச்சான் பெட்டிக்கு அடியில் வைத்தா. அங்கே ஏற்கெனவே ஒரு கட்டு இருந்தது.

அடுத்த நாளில் இருந்து எங்கள் சோறு வாழையிலையில்தான். லஞ்ச் சீற் வேண்டாம் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். இலை வாட்டுகிற வேலை சித்திக்கு.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு நகரத்தில் இருந்து அனுராதபுரம் வீதியால் 8 கிலோமீற்றர் அளவு போக வேண்டும். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு மாதிரி. இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்பது ஐதீகம், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு இன்றும் சனம் வரும். எந்தக் கிணறு என்று பார்க்காமல் முதல் வாளியை அப்படியே தலையில் ஊற்றிய மகன் போட்ட சத்தத்துக்கு மரத்துக் குரங்கு கிளை மாறியது. காலையில் போங்கள். உச்சி வெயிலில் அந்தத் தண்ணீர் தண்டனை. வானை மரத்தடியில் விட்டோம். அம்மா நின்றுகொண்டிருப்பதைக் கண்டு தேத்தண்ணிக் கடைப் பையன் கேட்காமலே கதிரை தூக்கி வந்து போட்டான். காசு நீட்ட, "ரீ குடியுங்கோ, அது காணும்" என்றான்.

நிலாவெளிப் பக்கம் ஒரு கடற்கரை, பெயர் வேண்டாம். வானை விட்ட கையோடு ஒருவர் 200 ரூபா வாங்கிச் சீட்டுத் தந்தார். முத்திரை மை பரவி எழுத்தே இல்லை. ஒரு மணித்தியாலத்தால் இன்னொருவர் வேறு நிறச் சீட்டோடு வந்தார். முதல் சீட்டைக் காட்டினேன். "அது அந்தப் பக்கத்துக்கு" என்றார். எந்தப் பக்கம்? நடுவில் ஒரு கயிறுகூட இல்லை. மச்சான் வாயைத் திறக்க முன்னம் கொடுத்துவிட்டேன், அதற்கு அவன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. வெளிநாட்டுக்காரரால்தான் ரேற் ஏறுகிறது என்பது அவன் கட்சி. பிழை என்று சொல்ல மாட்டேன்.

புறாத்தீவுக்கு நானும் பிள்ளைகளும் மட்டும் படகில் போனோம். 2003 முதல் தேசியப் பூங்கா, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் வேறு. முருகைக்கற்களும் குட்டிச் சுறாக்களும் பார்க்கலாம், சாப்பாட்டுப் பொதியோடு போகிற இடம் அல்ல. மே முதல் செப்டெம்பர் வரை கடல் அடங்கியிருக்கும், வாடைக்காற்று தொடங்கினால் நினைக்கவே வேண்டாம்.

நான் தேடிய மூன்றும் ஒன்றாகக் கிடைத்தது சீனன்குடாப் பக்கம், மாபிள் பீச்சில். விமானப்படை நடத்துகிறது, வாசலில் கட்டணம். வானை நிழலில் விட்டு, ஆழமில்லாத தண்ணீரில் பிள்ளைகளை விட்டோம். அம்மா வாழையிலைப் பொதியை மடியில் வைத்துப் பிரித்து, கடலைப் பார்த்தபடி முழுவதையும் சாப்பிட்டா. வீட்டில் அரைவாசிதான் சாப்பிடுவா.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் நாளே கடைத்தெருவில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் குப்பை போட ஒரு உரப்பையும் வாங்கி வானின் பின்னால் போடுங்கள். நாங்கள் வாங்கிய கதிரை இப்போது அம்மாவின் கிணற்றடியில் நிற்கிறது.