சிங்கப்பூர் இரவுப் பந்தயத்துக்கு மலையிலிருந்து: ஒரு பயண முகவரின் சேவையைப் பற்றி

2024 செப்டம்பர் 20 முதல் 22 வரை நடந்த சிங்கப்பூர் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தைப் பார்க்க, குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நானும், கோத்தகிரியில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனரும் போய்வந்தோம். விமானம், விசா, ஐந்து இரவு விடுதி, மூன்று நாள் பந்தய டிக்கெட், அங்கே ஏற்றி இறக்கும் வண்டி ஆகிய அனைத்தையும் நீலகிரியிலேயே இயங்கும் ஒரு சிறு பயண நிறுவனத்திடம் ஒரே தொகையாகக் கொடுத்து ஏற்பாடு செய்துகொண்டோம். கணவனும் மனைவியுமாக நடத்தும் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் செய்த தவறுகள் அனைத்தும் அறியாமையால் நேர்ந்தவை. அதே தவறுகளை வேறு எந்த முகவரும் செய்யக்கூடும் என்பதால், பெயரைவிட விவரமே பயன்படும்.

வெளிநாட்டுப் பந்தயங்களில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஆசையைவிட வசதிதான். மொனாக்கோவோ சில்வர்ஸ்டோனோ என்றால் விசாவுக்கு விரல்ரேகை பதிய நேரில் அலைய வேண்டும். சிங்கப்பூருக்கு அங்கீகாரம் பெற்ற முகவர் இணையத்திலேயே விண்ணப்பித்துவிடுகிறார். கோயம்புத்தூரிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. அக்டோபர் மழையோடு இலை வரத்து கூடி, தொழிற்சாலை இரவும் பகலும் ஓடத் தொடங்குவதற்குள் திரும்பிவிடலாம் என்பது என் சொந்தக் கணக்கு. இதற்கெல்லாம் மேலாக, 2008ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே முதன்முறையாக இரவில் ஓட்டப்பட்ட பந்தயம் இதுதான். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டிய காலத்திலிருந்து என் மைத்துனருக்கு இந்தப் பித்து உண்டு. கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை மூன்றே ஆண்டுகள் இந்தியப் பந்தயம் நடந்தபோது, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். அடுத்த ஆண்டு என்ற ஒன்று வரவேயில்லை.

முதலில் அந்த நிறுவனத்தின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உண்மையிலேயே நல்ல பக்கம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். முதலெழுத்தை விரிக்காமல் வாங்கிய பழைய பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோதும் அப்படியே விட்டுவிட்டேன். மைத்துனருக்கோ அவருடைய தந்தையின் பெயர் குடும்பப்பெயராகவும், ஊர்ப்பெயர் சொந்தப் பெயரின் ஒரு பகுதியாகவும் பதிவாகியிருக்கிறது. நாமே இணையத்தில் டிக்கெட் எடுத்திருந்தால் இந்த இடத்தில்தான் இடறியிருப்போம். அந்த அம்மையார் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் மேசைமேல் விரித்து, ஒவ்வொரு எழுத்தையும் பேனா முனையால் தொட்டுத் தொட்டுப் படித்து, விமான நிறுவனத்தின் விதியைக் கேட்டறிந்த பிறகே பெயர்களைப் பதிவு செய்தார். விசா விண்ணப்பமான படிவம் 14ஏ-யிலும், விமான டிக்கெட்டிலும், விடுதிப் பதிவிலும் ஒரே வடிவத்தில் பெயர் இருந்தது. 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட, வெள்ளைப் பின்னணியுள்ள புகைப்படம் வேண்டும் என்பதால், பட்டறைச் சுவரின் நீலத்தில் மைத்துனர் எடுத்துவந்த படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் அவர்கள் வாங்கிய கூலி நியாயமானதே. சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. அதற்குப் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் இருப்பதை எச்சரித்து, அவர்களே நிரப்பியும் கொடுத்தார்கள். சூயிங்கம்மும் வாய்ப்புகையிலையும் அந்நாட்டில் தடை என்று சொல்லி, மைத்துனரின் சட்டைப்பையைப் பார்த்துச் சிரித்ததையும் சேவைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

குறை தொடங்குவது பந்தய டிக்கெட்டில். "மிக முன்னால், மூன்றாம் வரிசை, கஷ்டப்பட்டு வாங்கினோம்" என்று பெருமையோடு சொன்னார்கள். திரையரங்கில் கடைசி வரிசைக்கு மதிப்பு, நாடக மேடைக்கு முன் வரிசைக்கு மதிப்பு என்று நமக்குப் பழக்கம். பந்தயத்தில் எது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. எங்கள் கேலரி பாடாங் மைதானத்தின் ஓரமாக, செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலையை நோக்கி நீண்டிருந்தது. எதிரே தேசியக் கலைக்கூடத்தின் தூண்கள். இடம் அழகுதான். ஆனால் ஓடுதளத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே, கார் உடைந்து தெறித்தால் துண்டுகள் மேலே விழாதிருக்க உயரமான கம்பி வலை கட்டியிருக்கிறார்கள். மூன்றாம் வரிசையில் அமர்ந்தால் அந்த வலை கண்ணுக்கு நேராக நிற்கிறது. பக்கவாட்டில் சற்றுத் தலை திருப்பிப் பார்த்தால் கம்பிகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே சாம்பல் திரையாகிவிடுகின்றன. கார் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து வந்து, நேரெதிரில் ஒரு நொடி நிறமாகத் தெரிந்து, மீண்டும் திரைக்குள் போய்விடுகிறது. வெள்ளிக்கிழமைப் பயிற்சிச் சுற்றின் நடுவில் படியேறிப் போய்க் கேலரியின் மேல் வரிசையிலிருந்து பார்த்தேன். வலைக்கு மேலாகப் பார்வை போயிற்று; வந்த வழியும் போகும் வழியும் நன்றாகத் தெரிந்தன. ஒரே கேலரிக்குள் ஏறினால் கிடைக்கும் காட்சி இறங்கினால் கிடைக்காது என்பது அங்கே போன பிறகு தெரிந்தது. ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி கேலரியின் பெயர் அன்று, வரிசை எண்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கீழே உட்கார்ந்ததற்கு ஒரு கைமாறு கிடைத்தது. இருட்டிய பிறகு, வண்டியின் அடிப்பலகையில் பதித்திருக்கும் டைட்டானியம் கட்டைகள் சாலையில் உரசும்போது தெறிக்கும் பொறி, மேல் வரிசையிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும். எங்கள் உயரத்தில் அது முகத்தை நோக்கி வருவதுபோல் இருந்தது. சூடான ரப்பரின் வாடை மூக்கில் ஏறியது. மைத்துனர் காதடைப்பானைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, கண்ண மூடிக்கிட்டு கியர் எறக்குறத மட்டும் கேளுங்க" என்றார். 2008இல் இதே தெருவில் 2.4 லிட்டர் வி8 எஞ்சின்கள் ஓடின. 2014 முதல் 1.6 லிட்டர் வி6 டர்போவும் மின்மோட்டாரும் சேர்ந்த எஞ்சின்கள்தான். பழைய அலறல் போய்விட்டது என்று பலரும் குறைப்படுவதுண்டு. பட்டறைக்காரருக்கு அது குறையாகவே தெரியவில்லை. டர்போ மூச்சிழுப்பது தனியாகக் கேட்கிறது என்று மூன்று நாளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பந்தயத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதலிடத்திலிருந்து கிளம்பிய லாண்டோ நோரிஸ் 62 சுற்றும் முன்னாலேயே ஓடி, இரண்டாவதாக வந்த வெர்ஸ்டாப்பனை 20 நொடிகளுக்கு மேல் பின்தள்ளி வென்றார், பியாஸ்ட்ரி மூன்றாவது. சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே விரற்கடை இடம்கூட இல்லாத இந்தத் தடத்தில், விபத்து நேரும்போது மற்ற வண்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் ஓடும் பாதுகாப்புக் கார் ஒருமுறையாவது வெளியே வராத பந்தயம் அதுவரை இருந்ததில்லை. அவ்வாண்டு அது வரவேயில்லை. அதாவது, வாழ்நாளில் ஒருமுறை என்று நாங்கள் போன பந்தயம் அந்தத் தடத்தின் வரலாற்றிலேயே மிக அமைதியானதாக அமைந்துவிட்டது. இதற்கு முகவரைக் குறை சொல்ல முடியாது. மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளை வாரம் ஒருமுறை ஏறி இறங்கும் எங்களுக்கு, 4.94 கிலோமீட்டரில் 19 திருப்பம் என்று படித்தபோது பெரிதாகத் தோன்றவில்லை. அதை 62ஆல் பெருக்கினால் 1,178 திருப்பங்கள். அத்தனையையும் ஒரு மணி நாற்பத்தொரு நிமிடத்துக்குள், அந்தப் புழுக்கத்தில் முடிக்கிறார்கள்.

அந்தப் புழுக்கத்தைப் பற்றி முகவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பர்லியாறு தாண்டினாலே சட்டைப் பொத்தானைக் கழற்றும் மலைக்காரர்களுக்கு, இரவு எட்டு மணிக்கும் உடம்பில் ஈரத்துணி சுற்றியதுபோல் இருக்கும் ஊர் அது. வெள்ளிக்கிழமை ஜீன்ஸ் அணிந்துபோய் அவதிப்பட்டோம். சனிக்கிழமை முதல் மெல்லிய பருத்தி உடையும், நடந்து பழகிய பழைய செருப்பும்தான். பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்பதை முடிவு செய்யும் தகுதிச் சுற்றை எங்கள் இருக்கையில் உட்காராமல், எங்கள் கேலரி இருந்த நான்காம் மண்டலத்திலேயே நின்று பார்க்கும் மேடைகளில் இடம் மாறி மாறிப் பார்த்தோம். கேலரி டிக்கெட் வைத்திருப்பவர் தமது மண்டலத்துக்குள் எங்கும் சுற்றலாம் என்பதையும் டிக்கெட்டைப் படித்தே அறிந்துகொண்டோம். நின்று பார்த்த அந்த இரவே மூன்றில் சிறந்தது. நின்று பார்க்க மட்டுமான டிக்கெட்டின் விலை எங்கள் இருக்கையின் விலையைவிட வெகுவாகக் குறைவு என்பதை நினைக்கும்போது மட்டும் கொஞ்சம் வலிக்கிறது.

அடுத்த குறை வண்டி. தினமும் விடுதியிலிருந்து பந்தயத்துக்குத் தனிக் கார் என்பது எங்கள் தொகுப்பில் தனிச் சிறப்பாகச் சொல்லப்பட்டது, அதற்கெனத் தனித் தொகையும் சேர்க்கப்பட்டது. ஆனால் ஓடுதளமே நகரத்தின் நடுச்சாலைகள்தான். பந்தய நாள்களில் மரினா விரிகுடாவைச் சுற்றியுள்ள சாலைகளை அடைத்துவிடுகிறார்கள். முதல் நாள் ஓட்டுநர் முடிந்தவரை வந்து, தடுப்பு வேலியைக் காட்டி, "இதுக்கு மேல போக முடியாதுங்க அண்ணே, நேரா நடந்தீங்கன்னா போயிடலாம்" என்று நல்ல தமிழில் சொல்லி இறக்கிவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அந்த நடை ஏறத்தாழ அரைமணி நேரம் நீண்டது. இரவு திரும்பும்போது, அவர் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க இன்னும் அதிக நேரம் ஆயிற்று. மறுநாள் அவரே, காருக்குக் காத்திருக்க வேண்டாம், ரயிலில் போங்கள் என்று சொல்லிவிட்டார். எங்கள் விடுதி லிட்டில் இந்தியாவில் ஃபேரர் பார்க் நிலையத்துக்கு அருகில் இருந்தது. டோபி காட் நிலையத்தில் ரயில் மாறி சிட்டி ஹாலில் இறங்கினால் பாடாங் கூப்பிடு தூரம். வங்கி அட்டையைக் கதவில் தொட்டாலே உள்ளே விடுகிறார்கள். நிலையங்களில் தமிழிலும் எழுதியிருப்பதால் வழி கேட்க வேண்டிய தேவையே எழவில்லை.

விடுதியைப் பற்றிக் குறை இல்லை. "ஓடுதளத்துக்கு அருகில்" என்று எழுதியிருந்தது சற்று மிகையென்றாலும், ரயில் நிலையத்துக்கு அருகில் என்பதே முக்கியம் என்று இப்போது சொல்வேன். நள்ளிரவுக்குப் பிறகு பசியோடு திரும்பும்போது சிராங்கூன் சாலையில் சூடாகத் தோசை கிடைத்ததும் அந்த விடுதியின் புண்ணியமே.

செலவுக்கு வருகிறேன். தலைக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய் ஆயிற்று. பந்தய வாரத்தில் விடுதி வாடகை எகிறிவிடும் என்பதால் இது கொள்ளை என்று சொல்ல மாட்டேன்; காருக்கான தொகையைக் கழித்திருந்தால் நேர்மையான விலையே. ஆனால் ரசீதில் "வரிகள் உட்பட" என்று ஒரே வரியில் முடித்திருந்ததை ஏற்க முடியவில்லை. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு ஜிஎஸ்டி போக, முகவர் நம்மிடமிருந்து வருமான வரியையும் முன்கூட்டியே பிடித்துக் கட்ட வேண்டும். நாங்கள் போன ஆண்டில், ஏழு லட்சம் ரூபாய் வரையிலான தொகுப்புக்கு அது 5 சதவீதம். ஜிஎஸ்டி போனது போனதுதான்; இந்த 5 சதவீதமோ நம் கணக்கில் வரவாகி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடுகட்டவோ திரும்பப் பெறவோ கூடிய பணம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதினால் பலர் அதைச் செலவு என்றே நினைத்து விட்டுவிடுவார்கள். எங்கள் ஆடிட்டர் சொன்ன பிறகு, அந்த வரியைப் பிடித்ததற்கான சான்றிதழான படிவம் 27டி வேண்டும் என்று நான்கு முறை கேட்டு, ஒன்றரை மாதம் கழித்து வாங்கினேன். தலைக்கு ஏறத்தாழ எட்டாயிரம் ரூபாய். ஒரு நாள் பந்தயத்தை நின்று பார்க்கும் செலவில் ஒரு பகுதிக்காவது அது ஆகும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் அவர்களிடம் மறுபடி போவேனா என்றால், போவேன். விசாவுக்கும் பெயர்ச் சிக்கலுக்கும் விமானத்துக்கும் அவர்களைவிடப் பொறுப்பானவர்களை இந்த மலையில் நான் பார்த்ததில்லை. ஆனால் பந்தய டிக்கெட்டை ஏற்பாட்டாளரின் தளத்தில், கேலரியின் வரைபடத்தைப் பார்த்து நாங்களே வாங்கிக்கொள்வோம். காரை வேண்டாம் என்போம். திரும்பி வந்த மறுவாரமே இவை அனைத்தையும் இரண்டு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன்; முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

உறைபனி விழுந்து இலை வரத்து குறையும் டிசம்பரில் அபுதாபி யாஸ் மரினா பந்தயத்துக்குப் போனால் எனக்கு விடுப்பும் எளிது என்று மைத்துனர் இப்போது கிளப்பிவிட்டிருக்கிறார். விலை கேட்டோம். அந்த அம்மையார் அனுப்பிய மதிப்பீட்டில் கேலரியின் பெயருக்குப் பக்கத்தில் வரிசை எண்ணும் நுழைவாயில் எண்ணும் இருந்தன, கார் இல்லை. கடைசி வரியில் மட்டும் பழையபடியே "வரிகள் உட்பட" என்று இருந்தது.