ஊழியர்களுக்கு விலை போட்டுத் தருகிறோம் என்று யாராவது வந்தால்

கோவையில் பம்ப், மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஃபவுண்டரி, மெஷின் ஷாப், வைண்டிங் எல்லாம் சேர்த்து 140 பேர். போன வருடம் 'மனித மூலதன ஆலோசகர்கள்' என்று ஒரு நிறுவனத்தை எங்கள் முதலாளி அமர்த்தினார். கட்டணம் 6 லட்சம், அதன் மேல் 18% ஜிஎஸ்டி, பாதி முன்பணம். அதே ஆட்கள் இப்போது திருப்பூர், ஈரோடு பக்கம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

முதலாளி ஏமாளி இல்லை. ஃபவுண்டரியில் இரும்பை ஊற்ற மணல் அச்சு செய்யும் மோல்டர்கள் வேலையில் நிற்பதில்லை என்ற கவலை அவருக்கு நிஜமாகவே இருந்தது. பழகிய கை ஒன்று போனால் அடுத்த மாதமே ரிஜெக்‌ஷன் ஏறுவது எங்கள் ரெஜிஸ்டரிலேயே தெரியும். "உங்க ஆட்களோட மதிப்பை ரூபாயில காட்டறோம் சார்" என்று அவர்கள் சொன்னது சரியான இடத்தில் பட்டது. கூடவே ஒரு தூண்டிலும் போட்டார்கள்: அந்தத் தொகையை பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டலாம், பேங்கில் கடன் லிமிட் கூடும்.

அப்பட்டமான பொய். தொட்டுப் பார்க்க முடியாத சொத்துகளுக்கான கணக்கியல் தரநிலை 26-ஐப் புரட்டினாலே போதும். ஆள் நாளைக்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம், கம்பெனிக்கு அவர் மேல் பிடி கிடையாது. அதனால் பயிற்சி பெற்ற ஆட்களைப் பொதுவாக சொத்துக் கணக்கில் சேர்க்க முடியாது. பெல், இன்ஃபோசிஸ் போன்றவை ஆண்டறிக்கையில் மனிதவள மதிப்பு என்று வெளியிட்டதுண்டு. ஆனால் அது கூடுதல் தகவலாகத்தான், பேலன்ஸ் ஷீட்டுக்கு வெளியே. கூட்டத்திலேயே இதைக் கேட்டேன். "அது பழைய ரூல் சார்" என்று சிரித்துக்கொண்டே அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

மதிப்பு எப்படிப் போட்டார்கள் தெரியுமா? 1971இல் பாரூக் லெவ், அபா ஷ்வார்ட்ஸ் என்ற இருவர் சொன்ன சூத்திரம். ஓர் ஊழியர் ரிட்டயர் ஆகும்வரை வாங்கப்போகும் சம்பளத்தை எல்லாம் கூட்டி, வட்டி கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது. நாங்கள் கொடுத்த சம்பளப் பட்டியலை எக்செல்லில் போட்டால் அரை நாளில் முடிகிற வேலை. திறமை, அனுபவம் எதுவும் அதற்குள் நேரடியாக வராது. வயதும் சம்பளமும்தான்.

எங்கள் மோல்டிங் மேஸ்திரிக்கு 57 வயது, மாதம் 32,000 சம்பளம், சர்வீஸ் இன்னும் ஒரு வருடம். வருடத்துக்கு 10% வட்டி கழித்தால் அவர் 'மதிப்பு' 3.49 லட்சம். கோர், அதாவது அச்சுக்குள் வைக்கும் மணல் கட்டி, பிசகினால் மணலைத் தொட்டே சொல்லிவிடுகிற மனிதர். ஆபீசில் சேர்ந்து சில மாதமே ஆன 24 வயதுப் பையன், சம்பளம் 22,000, இன்னும் 34 வருடம் இருக்கிறது. அவனுக்கு 25 லட்சத்துக்கு மேல். இந்தப் பட்டியலை வைத்து கடைசி வரிசையில் இருந்தவர்களை 'குறைந்த முதலீட்டுப் பிரிவு' என்று வேறு பெயர் சூட்டினார்கள். விஷயம் எப்படியோ கீழே கசிந்துவிட்டது. மேஸ்திரி என்னிடம் வந்து, "ஏனுங்க, செகண்ட் ஹேண்ட் கார் வெலைதானுங்களா நான்?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல.

இதைவிட மோசம் சர்வே. பெயர் கேட்க மாட்டோம், மனசில் இருப்பதை எழுதுங்கள் என்றார்கள். ஆனால் பிரிவு, பாலினம், வயது, சர்வீஸ் எல்லாம் கேட்டார்கள். அறிக்கையில் 'வைண்டிங், பெண், 30–40 வயது, 5 ஆண்டுக்கு மேல்' என்ற தலைப்பில் ஒரே ஒரு கருத்து, எழுதியது எழுதியபடி: துணி மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, சூப்பர்வைசரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அந்த வரையறைக்குள் வருவது ஒரே ஓர் அக்காதான். புரொஜெக்டரில் அதைப் போட்டபோது சூப்பர்வைசரும் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அந்த அக்காவுக்கு ஓவர்டைம் வரவில்லை, ஷிஃப்ட் மாறியது, கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டார். வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் அவருடைய கிராஜுவிட்டியைக் கணக்குப் போட்டுக் கொடுத்தது நான். ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் பதிலைத் தனியாகக் காட்டாமல் பக்கத்துப் பிரிவோடு சேர்ப்பது இந்தத் தொழிலில் சாதாரண வழக்கம். அதுகூடத் தெரியாதவர்களா, தெரிந்தும் அக்கறை இல்லாதவர்களா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மேலாளர்களுக்கு நடத்திய பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பலூன் ஊதினார்கள். பரிந்துரைகளில் 'உங்கள் மருத்துவப் பிரதிநிதிகளின் பயணப்படியை உயர்த்துங்கள்' என்று ஒரு வரி. பம்ப் கம்பெனியில் மெடிக்கல் ரெப் ஏது? யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

மீதிப் பணத்தை நிறுத்தினோம், வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தத்தில் 'அறிக்கை ஒப்படைத்தால் பணி முடிந்தது' என்று இருக்கிறது. அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று சிலர் சொன்னார்கள். தொழிலுக்காக வாங்கிய சேவை என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே நிற்பது கடினம், சிவில் கோர்ட்தான் வழி என்கிறார் எங்கள் வக்கீல்.

உங்களிடம் இப்படி யாராவது வந்தால், கையெழுத்துக்கு முன்னால் உங்கள் கம்பெனியின் மூத்த தொழிலாளி ஒருவருக்கு மட்டும் மதிப்புப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சூத்திரத்தின் லட்சணம் அங்கேயே தெரிந்துவிடும். சர்வே தரவு யாரிடம் இருக்கும், எத்தனை பேருக்குக் குறைந்தால் தனியாகக் காட்ட மாட்டார்கள், வேலை முடிந்ததும் எப்போது அழிப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நாங்கள் இப்போது அழிக்கச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம், பதில் இல்லை. 140 பேரின் வயது, சம்பளம், மனக்குறை எல்லாம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.