கியர் சத்தம் குறைந்தது எப்படி: 150 சிசி வண்டியில் என் அனுபவம்

கியர் போடும்போது 'டக்'கென்று சத்தம் பெரிதாக வந்தால், கியர்பாக்ஸ் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். எஞ்சினை இறக்கிப் பார்க்கலாமா என்றுகூடப் பேச்சு வரும். ஐந்து கியர் உள்ள 150 சிசி ஏர்கூல் வண்டி ஒன்றைச் சில வருடங்களாகக் கோவையில் ஓட்டி வருகிறேன். மீட்டர் 40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இதுவரை கியர்பாக்ஸைத் திறக்கவே இல்லை. ஆனாலும் சத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறது. கை வைத்ததெல்லாம் கிளட்ச், ஆயில், செயின், அப்புறம் கியர் மிதிக்கும் விதம். அவ்வளவுதான்.

சத்தமே இல்லாமல் கியர் மாறும் பைக்கைத் தேடினால் கிடைக்காது. காரில் சேரப்போகும் இரண்டு பாகங்களின் வேகத்தையும் முதலில் சமமாக்கிவிட்டுப் பிறகு கோக்க சின்க்ரோமெஷ் உண்டு. நம் பைக்குகளில் அது கிடையாது. கியர் சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுற்றும். நாம் லிவரை மிதித்ததும் ஒரு சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து, அதன் தடித்த முனைகள் அடுத்த சக்கரத்தின் இடைவெளிகளில் போய் விழும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது விழுந்தால் இடி பலமாக இருக்கும். வேக வித்தியாசம் குறையக் குறைய சத்தமும் இறங்கும். நான் செய்த வேலைகளில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தைக் குறைப்பதற்குத்தான்.

காலையில் நியூட்ரலிலிருந்து முதல் கியருக்குப் போகும்போது வரும் சத்தம்தான் பலரைப் பயமுறுத்துகிறது. வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது. இரவு முழுக்க நின்றதில் ஆயில் கெட்டியாகி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிரிக்கும் கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளட்சைப் பிடித்தாலும் உள்ளே ஒரு ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் மிதித்தால் இடிக்கத்தான் செய்யும். எஞ்சினைப் போடும் முன் வண்டியை கியரில் வைத்து, கிளட்சைப் பிடித்தபடி முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளுவேன். பிளேட்டுகள் விட்டுக்கொள்ளும். ஸ்டார்ட் ஆனதும் கிளட்சை முழுதாகப் பிடித்து, இரண்டு மூன்று நொடி பொறுத்து முதல் கியர் போடுவேன். ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும் வேகம், தேவைக்கு மேல் வைத்திருந்தாலும் இதே சத்தம் வரும். என் வண்டியில் அதை 1,400 ஆர்பிஎம் அருகில் வைத்திருக்கிறேன். காசே செலவில்லாத இந்த இரண்டு வேலைக்கே வித்தியாசம் தெரிந்தது.

ஆனால் வண்டி சூடான பிறகும் சிக்னலில் நியூட்ரல் விழாமல் அடம்பிடித்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச் வயர். லிவரின் முனையில் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் எவ்வளவு இழுத்தாலும் பிளேட்டுகள் முழுதாகப் பிரியாது. ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் வழுக்கி, பிளேட் சீக்கிரம் தேய்ந்துவிடும். அளவு சரியாக இருந்தும் லிவர் கனமாக இருந்தால் வயர் காய்ந்திருக்கிறது. நான் லிவர் பக்கம் வயரைக் கழற்றி, மேல்முனையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை கூம்பு மாதிரி சுற்றி, நூலால் கட்டி, அதில் எஞ்சின் ஆயிலை ஊற்றித் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. உள்கம்பியை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்ததில், கீழ்முனையில் துருவும் மண்ணும் கலந்து கறுப்பாகச் சொட்டியது. தெளிந்த ஆயில் வரும்வரை விட்டேன். திரும்ப மாட்டியதும் ஒரே விரலால் கிளட்ச் பிடிக்க முடிந்தது, நியூட்ரலும் பதற்றமில்லாமல் விழுந்தது. கம்பியில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் ஆயில் விட்டுப் பயனில்லை. புது வயரே போட்டுவிடுங்கள்.

35,000 கிலோமீட்டர் வாக்கில் வயரைச் சரிசெய்தும் இந்தத் தொல்லை திரும்பியது. கிளட்ச் கவரைத் திறந்தபோது, பிளேட்டுகள் உட்காரும் கூடையின் விரல்களை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார் மெக்கானிக் அண்ணன். ஒவ்வொரு பிளேட்டும் இடித்து இடித்துப் படிப்படியாகக் குழி விழுந்திருந்தது, நகம் மாட்டி நின்றது. கிளட்ச் பிடிக்கும்போது பிளேட்டின் காது அந்தக் குழியில் சிக்கிக்கொள்ளும், நகர்ந்து விலகாது. கூடை, பிளேட், ஸ்பிரிங் எல்லாம் மாற்றினோம். புது பிளேட்டுகளை மாட்டும் முன் எஞ்சின் ஆயிலில் ஊறவைக்கச் சொல்லிக் கேளுங்கள். காய்ந்த பிளேட்டை அப்படியே போட்டால் ஆரம்பத்திலேயே கருகிப் போகலாம்.

ஆயில் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நம் வண்டிகளில் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் சேர்த்து அந்த ஒரு லிட்டர்தான். கியர் பற்கள் ஆயிலை நசுக்கி நசுக்கி அதன் கெட்டித்தன்மையைக் குறைத்துவிடுகின்றன. அதனால்தான் ஆயில் மாற்றிய வாரம் வெண்ணெய் மாதிரி விழும் கியர், மாற்றும் நாள் நெருங்கும்போது கடகடக்கிறது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆயிலில் நனைந்து ஓடும் பைக் கிளட்சுக்காகவே 1998-ல் ஜப்பானில் வகுத்த தரம் அது. எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டர்களுக்கானது. கார் ஆயில் விலை குறைவு என்று ஊற்றினால், அதில் இருக்கும் உராய்வு குறைக்கும் கலவையால் கிளட்ச் வழுக்கலாம். சத்தம் குறையட்டும் என்று கையேட்டில் சொன்ன கிரேடை விட்டுக் கெட்டியான ஆயில் போடும் பழக்கமும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காலைக் குளிரில் பிளேட்டுகள் இன்னும் மோசமாக ஒட்டும். சத்தத்தை விழுங்கும் என்று சொல்லி விற்கும் ஆயில் சேர்க்கைகளும் வேண்டாம்.

அடுத்து செயின். இரண்டாவது, மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டுத் திருகும்போது பின்னால் 'டங்'கென்று கேட்டால் அது பெரும்பாலும் கியர் சத்தமே இல்லை, தளர்ந்த செயின் இழுபடுவது. சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே வைத்து அது மேலும் கீழும் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்க வேண்டும். என் வண்டிக்கு 25 முதல் 30 மில்லிமீட்டர், உங்களுக்குக் கையேட்டில் இருக்கும். நரம்பு போல இறுக்கவும் கூடாது. ஆள் உட்கார்ந்து குழியில் இறங்கும்போது செயின் மேலும் இறுகி, ஷாஃப்ட் பேரிங்கை இழுக்கும். செயின் சரியாக இருந்தும் சத்தம் நிற்காவிட்டால், கியரில் வைத்துப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் அசையாமல் சக்கரம் மட்டும் நன்றாக ஆடினால், இரண்டுக்கும் நடுவே அதிர்ச்சி தாங்கும் டிரம் ரப்பர் நசுங்கிவிட்டது. விலை குறைந்த பொருள்தான், ஆனால் என் வண்டியில் காதுக்கு அதிகம் தெரிந்த மாற்றம் அதனால் வந்தது.

கடைசியாக, கியர் மிதிக்கும் விதம். முன்னும் பின்னும் மிதிக்கும் கியர் லிவரில் குதிகாலால் கியர் ஏற்றினால் காலின் பாரம் முழுக்க அதன்மேல் இறங்கும். நான் ஷூ போட்டு, முன்பாதத்தால் லிவரைத் தூக்கியே ஏற்றுகிறேன். கிளட்ச் பிடிப்பதற்கு ஒரு கணம் முன்பே லிவரை லேசாகத் தூக்கிப் பிடித்திருந்தால், கிளட்சைப் பிடித்ததும் கியர் தானாக நழுவி விழும். பயந்து மெதுவாக மிதித்தால் முனைகள் உரசிக் கரகரக்கும். அழுத்தம் குறைவாக, வேகம் அதிகமாக என்பதே கணக்கு. கியர் இறக்கும்போது ஆக்சிலேட்டரை ஒரு சின்னத் திருகு திருகி எஞ்சினின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு இறக்க வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் இதைப் பழக அருமையான இடம். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், வளைவுக்குள் கால் சும்மா இருக்கட்டும்.

இத்தனைக்கும் அடங்காத சத்தங்கள் உண்டு, அவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. ஏற்றத்தில் இழுக்கும்போது கியர் தானாகக் கழன்று விழுவது, ஒரே ஒரு கியரில் மட்டும் ஓலமிடுவது, இரண்டு கியருக்கு நடுவே வண்டி அடிக்கடி பிடிப்பில்லாமல் நிற்பது ஆகியவை உள்ளே தேய்மானம் என்பதற்கான அடையாளங்கள். ஆயில் மாற்றும்போது, ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டையும் பழைய ஆயிலையும் ஒரு தடவை பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போலக் கொஞ்சம் படிந்திருந்தால் சாதாரணம். விரலில் நெருடும் அளவுக்கு இரும்புத் துண்டு கிடைத்தால், அன்றைக்கே எஞ்சினைப் பிரிக்கச் சொல்லிவிடுங்கள்.